ஊசி முடிஞ்சாச்சு, மருந்து முடியலை

வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட்டுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைகளுக்கு எடுக்கிறது. ஒரே ஊசியில் முடியாது. பிட்யூட்டரி சுரப்பி அந்த ஹார்மோனை விட்டு விட்டுத்தான் சுரக்கும், அதுவும் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் எப்போதோ ஒரு சாம்பிள் எடுத்தால் நல்லா வளருகிற பிள்ளைக்கும் ரொம்பக் குறைவாக வரலாம். அதனால் மருந்து கொடுத்துச் சுரப்பியைத் தூண்டி, அரை மணிக்கொரு தடவை ரத்தம் எடுப்பாங்க.

அந்த மருந்துகளில் ஒன்று குளோனிடின். சிக்கலே இங்கதான். அது பிரஷர் மாத்திரை. 1960களில் ஜெர்மனியில் மூக்கடைப்புக்குன்னு உருவாக்கினாங்க. சளிக்கு மூக்கில் விட்டுப் பார்த்த ஒரு பெண்ணுக்கு பிரஷர் இறங்கி, ஒரு நாள் முழுக்கத் தூக்கம்! அப்புறம்தான் அது ரத்த அழுத்த மருந்தாச்சு. ஆக, டெஸ்ட்டில் குழந்தைக்கு பிரஷர் இறங்குவதும் கண் சொருகுவதும் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டியவை.

கடைசி சாம்பிள் எடுத்ததும் டெஸ்ட் முடிந்ததாக நினைக்கிறது தப்பு என்பதுதான் என் வாதம். ரத்தம் எடுக்கிற வேலை ரெண்டு மணி நேரத்தில் முடியும்; மருந்து இன்னும் பல மணி நேரம் உடம்பில் ஓடும். குமாரபாளையத்திலிருந்து சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போகணும்னா, பிள்ளையை வெறும் வயிற்றோடு விடியக்காலை பஸ் ஏத்தணும். தறி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. 'ஊசி போட்டாச்சுல்ல, கிளம்பலாம்' என்கிற அவசரம் நம்ம ஊர்க்காரங்களுக்கு நல்லாவே புரியும். ஆனா அந்தப் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தா?

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஈஸி. எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். கழுத்துத் தமனியில் இருக்கிற சென்சார் அதைக் கண்டு, மூளை வழியா இதயத்தை வேகமாக்கி, ரத்தக் குழாயைச் சுருக்கும். குளோனிடின் மூளையிலேயே அந்த சிக்னலைக் குறைத்துவிடும். படுத்திருந்தால் ரீடிங் சரியாக இருக்கலாம். நிற்கும்போதுதான் லூப் தடுமாறுவது தெரியும்.

அக்கா பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கோ துணைக்குப் போனா, கொஞ்சம் வாய் திறந்து கேளுங்க. மாத்திரைக்கு முன்னாடியே பிரஷர் பார்த்து எழுதினாங்களா? ஒவ்வொரு சாம்பிளோடும் பார்க்கிறாங்களா? குழந்தைக்கான கஃப்தானா? (பெரிய கஃப் குறைத்துக் காட்டும், சின்னது கூட்டிக் காட்டும். நம்ம இன்ஸ்ட்ருமென்டேஷன் பாடம்தான்.) பிள்ளை படுத்தே இருக்கட்டும், பாத்ரூம் போனாலும் ஆள் துணையோடு. பிரஷர் ரொம்ப இறங்கினா காலை உயர்த்தி வைப்பாங்க. தேவைப்பட்டா ஏற்கனவே கையில் போட்ட வென்ஃப்ளான் வழியா சலைன். முடிஞ்சதும் சாப்பிட, குடிக்கக் கொடுத்து, உட்கார வைத்து, நிற்க வைத்து இன்னொரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் பஸ் போனா போகட்டும்.

திரும்பவும் அதே பிள்ளையைக் கூட்டிட்டு வர வேண்டியிருக்கலாம். ஒரு டெஸ்ட்டில் குறைவுன்னு வந்தா, வேறொரு மருந்து வைத்து உறுதி செய்வதுதான் வழக்கம்.