எக்ஸ்ரேத் துண்டு தமிழில் வேண்டும்

எங்கள் லயத்து அக்கா ஒருவருக்குப் பல மாதமாக விலா வலியும் நீர்க்கடுப்பும். கிளினிக்கில் பார்த்த டொக்டர், ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரேக்குத் திகதி போட்டுக் கொடுத்தார். ஏழு வாரம் காத்திருந்து, அன்றைய பேரையும் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் போனார். போகும் முன் வழக்கம்போல ரொட்டி சாப்பிட்டு, பிளேன்டீயும் குடித்திருந்தார். முதல் நாள் இரவு போட வேண்டிய பேதி மாத்திரை அப்படியே பைக்குள் இருந்தது. வலிக்குத் தந்த மாத்திரை என்று நினைத்து வைத்திருந்தாராம்.

எக்ஸ்ரே எடுக்கவில்லை. வேறு திகதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "சொன்னபடி செய்யாமல் வந்தால் நாங்கள் என்ன செய்வது?" என்று ஏச்சும் கிடைத்தது.

சொன்னது உண்மைதான். கையில் கொடுத்த துண்டில் எல்லாம் இருந்தது. ஆனால் துண்டு முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அக்காவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். இதை அவருடைய கவனக்குறைவு என்று சொல்ல நான் தயாராக இல்லை.

இந்த எக்ஸ்ரேயை ஐ.வி.யு. என்பார்கள். சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. அதனால் அயடின் கலந்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் அதை இரத்தத்திலிருந்து பிரித்துச் சிறுநீரோடு கீழே அனுப்பும். அது போகும் வழி படத்தில் வெள்ளையாகத் தெரியும். எங்கே கல் அடைத்திருக்கிறது, எங்கே குழாய் வீங்கியிருக்கிறது என்று டொக்டர் பார்ப்பது அதை வைத்துத்தான். சிறுநீரகத்துக்கு முன்னால் குடல் இருக்கிறது. குடலில் மலமும் காற்றும் நிறைந்திருந்தால் படம் மறைந்துபோகும். பேதி மருந்தும் பட்டினியும் அதற்காகத்தான். இதைத் தமிழில் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் அக்கா ரொட்டியைத் தொட்டிருக்க மாட்டார்.

திகதி கிடைத்தவர்கள் இதைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி முறை கொஞ்சம் மாறும். உங்கள் துண்டில் உள்ளதே முடிவு.

முதலில், கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் அதைச் செய்து, ரிப்போட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து கெடுதல் செய்யக்கூடும்.

முதல் நாள் எளிதாகச் செரிக்கும் சாப்பாடு போதும். பருப்பு, பயறு, கிழங்கு, பலாக்காய் போன்ற காற்றுச் சேரும் சாப்பாடு வேண்டாம். பேதி மருந்தைச் சொன்ன நேரத்தில் போடுங்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா என்று திகதி எடுக்கும்போதே கேளுங்கள். தாங்களாகவே தண்ணீரை நிறுத்த வேண்டாம். காலையில் வெற்றிலையும் பீடியும் வேண்டாம்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், முக்கியமாக மெட்போமின் போடுபவர்கள், முன்னதாகவே டொக்டரிடம் சொல்ல வேண்டும். பட்டினியோடு சீனி மாத்திரை போட்டால் மயக்கம் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களும், முன்பு இப்படி ஊசி ஏற்றி ஒத்துக்கொள்ளாதவர்களும் சொல்ல வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் பெண்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் எக்ஸ்ரே நல்லதல்ல.

ஊசி ஏற்றும்போது உடம்பு சூடாகும், வாயில் இரும்பு ருசி வரும். அது சில நிமிடத்தில் போய்விடும். உடம்பு அரித்தாலும், தடித்தாலும், மூச்சு இறுகினாலும் பக்கத்தில் நிற்பவரை உடனே கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் தண்ணீர் நிறையக் குடியுங்கள். குறைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் டொக்டர் சொன்ன அளவுக்கு நில்லுங்கள்.

இது நம் பொறுப்பு. மற்றவர்களின் பொறுப்பையும் சொல்ல வேண்டும்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி, பதிவேடுகள் சிங்களத்தில் உள்ள பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடும் செய்யலாம். ஆகவே தமிழில் ஒரு துண்டு கேட்பது யாரிடமும் தயவு கேட்பதாகாது. ஒரு பக்கத் தாளை மொழிபெயர்த்து அச்சடிக்கப் பெரிய செலவும் இல்லை.

அடுத்தது லீவு. எக்ஸ்ரே நாளுக்கு மட்டும் லீவு கேட்டால் போதாது. பேதி மருந்து போட்டவர் கொழுந்து மலையில் நிற்க முடியுமா? பத்துக் குடும்பம் ஒரு மலசலகூடத்தைப் பாவிக்கும் லயத்தில், மழை இருட்டில், ஒரு பெண் எத்தனை தடவை வெளியே போவார்? பேதி மாத்திரையைக் கண்டு நம் ஆட்கள் பயப்படுவதற்கு இதுவும் காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. மலையில் ஒதுங்க இடமில்லை என்பதால் நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் கல் உண்டாக இடம் கிடைக்கும். அடக்கி வைத்தால் கிருமி வளர இடம் கிடைக்கும். மலையில் மலசலகூடம் கட்டித் தராத நிர்வாகம், பிறகு கிளினிக்குக்கு லீவு தரவும் முகம் சுளிக்கிறது.

நமது சங்கம் மூன்று கோரிக்கைகளை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பரிசோதனைத் துண்டுகள் எல்லாம் தமிழிலும் வேண்டும். துண்டைக் காட்டினால் முதல் நாளுக்கும் சேர்த்து, பேர் வெட்டாமல் லீவு வேண்டும். மலைகளில் மலசலகூடமும் குடிதண்ணீரும் வேண்டும்.

அதுவரைக்கும் தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் ஒரு வேலை செய்யலாம். யாராவது துண்டோடு வந்தால் சிங்களம் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு அன்றே வாசித்துச் சொல்லுங்கள். மாத்திரையின் மேல் போட வேண்டிய நேரத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

அக்காவுக்கு இரண்டாவது திகதி அடுத்த மாதம். இந்த முறை துண்டை நான் வாசித்துக் கொடுத்துவிட்டேன். பேதி மருந்து போடும் நாளுக்கு லீவு இன்னும் கிடைக்கவில்லை.