கற்கால மேடையில் மூன்று பேர்



தமிழ்ப் படங்களின் பெயர்ப் பட்டியலில் எனக்குப் பிடித்த வரி 'கௌரவத் தோற்றம்'. கௌரவம் வந்தவருக்கா, படத்துக்கா என்பதைச் சொல்லாமலே விட்டுவிடும் சாமர்த்தியமான வரி. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, 1994-ல் வந்த 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' படத்தை மறுபடி பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளில் கேபிள் இணைப்பு இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃப்ரெட் ஃபிளின்ட்ஸ்டோனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கார்ட்டூன் நெட்வொர்க்கில், தரையில் கால் பதித்து ஓடியே கல் காரை நகர்த்துவாரே, அவர்தான். அந்த நாளில் ராத்திரியானால் அதே சேனல் டி.என்.டி.யாக மாறிப் பழைய ஹாலிவுட் படங்களைப் போட ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் படுக்கப் போவதற்கு அதுதான் மணி. அந்தக் கார்ட்டூனை ஆட்களை வைத்து எடுத்த படம் இது. ஃப்ரெட்டாக ஜான் குட்மேன், மாமியாராக எலிசபெத் டெய்லர். விமர்சகர்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கூட்டம் என்னவோ வந்தது.

படத்தில் ஒரு கேளிக்கை விடுதி வருகிறது. மேடையில் கற்கால உடுப்போடு மூன்று பேர் பாடி ஆடுகிறார்கள். குழுவின் பெயர் 'பி.சி.-52ஸ்'. நம் கணக்கில் சொன்னால் கி.மு.-52ஸ். நிஜத்தில் அவர்கள் 'பி-52ஸ்', அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் கிளம்பிய குழு. அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. தேன்கூடு மாதிரி உச்சந்தலையில் உயர்த்திக் கட்டும் கொண்டைக்கு அந்தப் பக்கத்தில் பி-52 என்று பட்டப்பெயர். குண்டுவீச்சு விமானத்தின் மூக்கைப் போல இருக்குமாம்!

பெயர் வைத்ததோடு நிற்காமல், குழுவின் பாடகிகள் கேட் பியர்சனும் சிண்டி வில்சனும் அந்தக் கொண்டையை வைத்துக்கொண்டே மேடை ஏறினார்கள். 1977 காதலர் தினத்தன்று ஒரு நண்பர் வீட்டு விருந்தில்தான் முதல் கச்சேரி. பழைய துணிக்கடையில் வாங்கிய உடுப்பு, சவுரிமுடி, பொம்மைப் பியானோ. பாட்டைப் பேச்சாகவே இழுத்துச் சொல்லும் ஃப்ரெட் ஷ்னைடர். சிங்கி இறாலைப் பற்றி ஏறக்குறைய ஏழு நிமிடப் பாட்டு ஒன்று போட்டார்கள், 'ராக் லாப்ஸ்டர்' என்று. கோமாளிப் பாட்டு என்று தள்ளியவர்கள் உண்டு. ஆனால் 1980-ல் பெர்முடா தீவில் ஒரு கிளப்பில் அதைக் கேட்ட 'பீட்டில்ஸ்' ஜான் லெனன், இதில் என் மனைவி யோகோவின் குரல் கேட்கிறதே என்று துள்ளினார். இசையிலிருந்து ஒதுங்கியிருந்த லெனன் மறுபடி பாட வந்ததில் அந்தப் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கோமாளிப் பாட்டு செய்த வேலையைப் பாருங்கள்.

வேஷம் கட்டியே பழகிய பி-52ஸ் குழுவுக்கு ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் மேடை புதிதாக இல்லை. பதினேழு வருடமாகப் போட்டுவந்த வேஷத்தின் மேல் கொஞ்சம் கல்லும் எலும்பும் சேர்ந்தது, அவ்வளவுதான். படக்காரர்களும் வீட்டுப்பாடம் செய்திருந்தார்கள். நிஜக் கலைஞர்களைக் கல் பெயரில் கூட்டிவருவது அந்தக் கார்ட்டூனின் பழைய வழக்கம். 1963-ல் நடிகை ஆன்-மார்கரெட் 'ஆன்-மார்க்ராக்' ஆனார். 1965-ல் பியூ பிரம்மல்ஸ் இசைக்குழு 'பியூ பிரம்மல்ஸ்டோன்ஸ்' ஆனது. படத்தில் பி-52ஸ் மூவரும் ஆடும் 'ட்விட்ச்' ஆட்டம்கூட அந்தக் கார்ட்டூனில் 1962-ல் ஒளிபரப்பான கதையிலிருந்து வந்ததுதான். அந்தக் கதையில் பாடகருக்குத் தொண்டை போய்விட, நம்ம ஃப்ரெட் ஃபிளின்ட்ஸ்டோன் விக் வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்துச் சமாளிப்பார்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று.

தொடங்கியபோது ஐந்து பேர். நான்காமவர் சிண்டி, படம் எடுத்தபோது குழுவிலிருந்து ஒதுங்கி ஓய்வில் இருந்தார், பிறகு திரும்பிவிட்டார். ஐந்தாமவர் அவருடைய அண்ணன் ரிக்கி வில்சன். கிதாரில் நடுத் தந்தியைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசிப்பவர். அந்தக் குழுவின் விநோதமான ஓசையில் பாதி, இல்லாத தந்தியிலிருந்து வந்தது. 1985 அக்டோபரில் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தபோது அவருக்கு 32 வயது. குழுவில் கீத் ஸ்ட்ரிக்லேண்ட் ஒருவரைத் தவிர, கூடப் பிறந்த சிண்டி உட்பட மற்றவர்களுக்கு நோய் பற்றித் தெரியாது. அதோடு குழு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த கீத், நண்பன் விட்டுப்போன கிதாரைத் தானே எடுத்துக்கொண்டார். 1989-ல் 'லவ் ஷேக்' வந்தது. உலகத்தில் எந்தக் கல்யாண வீட்டில் மேற்கத்திய ஆட்டம் இருந்தாலும் அந்தப் பாட்டு ஒரு தடவையாவது ஒலிக்காமல் இராது.

அந்தத் துக்கத்தைத் தாண்டி வந்தவர்கள்தான் அங்கே தோலாடை கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். விளையாட்டை இவ்வளவு பொறுப்பாகச் செய்கிறவர்களை 'வேடிக்கைக் குழு' என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. படத்தில் அவர்கள் வருவது கொஞ்ச நேரம்தான். என் கணக்கில் கௌரவம் படத்துக்கு.

2022-ல் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். நம்ம ஊர் ஜவுளிக்கடையின் 'கடைசி மூன்று நாள்' பலகை மாதிரிதான். அதன் பிறகும் லாஸ் வேகாஸில் பாடினார்கள். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரே ஒரு காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போன பாடகரோ இசைக்குழுவோ உங்கள் மனதில் தங்கியிருந்தால், படத்தின் பெயரோடு ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்