ஒருத்தி போதுமா?

சென்ற ஆண்டு வட்டாரக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் தோற்றுப் பேருந்தில் திரும்பிய மாலையில் எங்களுக்குள் பெரிய வழக்கு எழுந்தது. "அக்கா ஐந்தாவது பவுல் வாங்கி வெளியே போகாதிருந்தால் கோப்பை நமக்குத்தான்" என்றனர் ஒரு சாரார். "அவர் ஒருவரையே நம்பியதால்தான் தோற்றோம்" என்றனர் மறு சாரார். திருமழிசையில் இறங்கும்வரை வழக்குத் தீரவில்லை.

சிறந்த ஆட்டக்காரி ஒருத்தி இருந்தால்தான் வெற்றி கிட்டும் என்பதில் உண்மை இல்லாமலில்லை. கிரிக்கெட்டில் பதினொருவர், இங்கே களத்தில் ஐவரே. ஆகவே ஒருவரின் திறமை ஆட்டத்தையே மாற்றிவிடும். ஆனால் மைக்கேல் ஜோர்டானின் கதையைப் பாருங்கள். 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 37 புள்ளிகள் எடுத்தார். அவருடைய சிகாகோ குழுவோ முதற்சுற்றிலேயே பாஸ்டனிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. 1984இல் சேர்ந்தவருக்கு முதல் சாம்பியன் பட்டம் 1991இல்தான் கிடைத்தது. அந்த இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் எதிரணியினர் ஜோர்டானைச் சூழ்ந்துகொண்டபோது, அவர் பந்தைத் தனித்து நின்ற பாக்ஸனிடம் கொடுத்தார். பாக்ஸன் 20 புள்ளிகள் எடுத்தார்.

2004இல் டெட்ராய்ட் குழு ஷகீல் ஓனீல், கோபி பிரையன்ட் ஆகியோர் அடங்கிய லாஸ் ஏஞ்சல்ஸை 4-1 என்று வீழ்த்தியதும் உண்டு. இப்படி நடப்பது அபூர்வம்தான்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. தென்னக ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியக் குழு ஒன்றில் ஆடியவர். 2011இல் அமெரிக்க மகளிர் லீக்கின் தேர்வுக்கும் சென்றவர். 2009இல் ஆசியச் சாம்பியன் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது. கீது ஆடியும் கோப்பை சீனாவுக்கே போயிற்று. அவர் இல்லாத 2017இல், பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில், இந்திய மகளிர் கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தனர். இரண்டாம் பிரிவில் எதிரணிகள் அவ்வளவு வலியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழுவில் ஆடிய நம் சென்னை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எங்கள் எண்ணம் இதுதான்: சிறந்தவளை மறிக்க எதிரணியில் இருவர் ஓடுவார்கள். அப்போது நம்மில் ஒருத்தி தனித்து நிற்பாள். அவளுக்குப் பந்தைக் கூடையில் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று நடந்ததும் அதுவே. அக்காவுக்குப் பதிலாக இறங்கிய ஒன்பதாம் வகுப்புத் தங்கை கூடையருகே பந்தோடு நின்றாள். தடுக்க ஆளில்லை. எறியாமல், யாரிடம் கொடுக்கலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அதற்குள் எதிரணிப் பெண் வந்து தட்டிப் பறித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஆண்டு முழுவதும் நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது, "பந்தை அக்காவிடம் கொடு" என்பதைத்தானே!

இன்னொன்றையும் பெற்றோர் கேட்க வேண்டும். அக்காவின் வீடு பள்ளிக்கு அருகில். இருட்டும்வரை பயிற்சி செய்வார். வெள்ளவேடு, நேமம், குத்தம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓட வேண்டும். பெண் பிள்ளை இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்ற உங்கள் கவலையும் நியாயமே. ஆனால் அவர்களுள் அக்காவைவிட உயரமான இருவர் இருக்கிறார்கள்!

அக்கா இவ்வாண்டு பிளஸ் டூ முடித்துவிட்டார். ஆகவே பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு மாற்றித் தரும்படி தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். காலைப் பேருந்துக்குப் பிள்ளைகளை எழுப்பிவிடுவது தாய்மார்களின் பொறுப்பு.