கொடிமலையிலும் இலை பழுக்கும்

அண்மையில் படிவம் நான்கு மாணவி ஒருவரின் கட்டுரையைப் படித்தேன். ‘நான் காண விரும்பும் காட்சி’ என்பது தலைப்பு. ஜப்பானின் நிக்கோ மலைநகரில் இலையுதிர்காலத்தில் நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்பதை அழகாக வருணித்திருந்தார். இறுதியில், “நம் நாட்டு மரங்கள் ஆண்டு முழுவதும் ஒரே பச்சைதான்” என்று முடித்திருந்தார். பிழையற்ற தமிழ். ஆனால், செய்தி சரியன்று.

அந்த மாணவியின் வீடு ஜார்ஜ்டவுன் சுங்கை பினாங் பகுதியில் உள்ளது. (பாலிக் புலாவ் பக்கத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, நான் சொல்வது நகரத்துச் சுங்கை பினாங்கை.) அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடையே கெத்தாபாங் மரங்களைக் காணலாம். தமிழில் அதற்கு நாட்டு வாதுமை என்று பெயர். அகன்ற இலைகள் மஞ்சளாகி, பின் செம்மண் நிறமாகி, ஒருநாள் நல்ல சிவப்பாகவே கீழே விழும். மகிழுந்தின் மேல் விழுந்த இலையைத் தட்டிவிட்டுப் பள்ளிக்குச் செல்கிறோம். அது பழுத்த இலை என்று நாம் நினைப்பதே இல்லை. குப்பை என்று நினைக்கிறோம்.

குற்றம் அந்த மாணவியுடையது மட்டுமன்று. பாடப்பொருள் தயாரிக்கும் என் போன்றோருக்கும் இதில் பங்குண்டு. ‘இலையுதிர்காலம்’ என்ற சொல் வரும்போதெல்லாம் மேப்பிள் இலைப் படத்தைத்தான் தேடிப் போடுகிறோம். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன்.

குளிர்நாடுகளில் பகல் குறைந்து குளிர் கூடும்போது மரம் இலையைக் கழிக்க ஆயத்தமாகிறது. பச்சையம் சிதைகிறது, அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாகவும் உருவாகிறது. குளிர் எல்லா மரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருவதால், மலை முழுவதும் சேர்ந்தே நிறம் மாறும். நம் நாட்டில் குளிர் இல்லை. ஆனால், வறட்சி உண்டு. பினாங்கில் ஆண்டின் தொடக்க மாதங்களில் மழை குறையும். அப்போது நீரைச் சேமிப்பதற்காகச் சில மரங்கள் இலையைக் கழிக்கின்றன. எல்லா மரங்களும் சேர்ந்து கழிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி நாட்காட்டி.

இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். கித்தா மரம் 1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. அதன்பின் தீபகற்பம் எங்கும் பரவிய தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அதாவது மாசி பங்குனியில், கித்தா மரங்கள் மஞ்சளாகவும் செம்பு நிறமாகவும் மாறி மொட்டையாகும். என் பாட்டி செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். இலை பழுக்கத் தொடங்கினால் அவர் முகம் வாடிவிடுமாம். இலை கொட்டினால் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். வீட்டுச் செலவை அந்த நிறத்தைப் பார்த்தே அவர் கணக்கிட்டார். காலைப் பனியில் சருகின் மேல் நடந்து நிரைக்குச் செல்லும்போது எழும் சத்தத்தைப் பற்றி அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அழகு என்ற சொல்லை மட்டும் அவர் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. அந்தப் பேரன் தலைமுறையில்தான் நாம் இலை பார்க்க விமானம் ஏறுகிறோம்.

வெளிநாடு செல்வதை நான் குறை கூறவில்லை. வசதியுள்ளோர் போகட்டும், பார்த்து மகிழட்டும். ஆனால், வசதி இல்லாத மாணவர் தமக்குப் பார்க்க ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சுங்கை பினாங்கிலிருந்து கொடிமலை அடிவாரம் சில கிலோமீட்டர்தான்.

கொடிமலை 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. உச்சியில் நகரத்தைவிட ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் குளிர்ச்சி. 1923ஆம் ஆண்டு முதல் மலை இரயில் ஓடுகிறது. 2011ஆம் ஆண்டு வந்த புதிய இரயில் சில நிமிடங்களில் உச்சியில் இறக்கிவிடுகிறது. பள்ளிச் சுற்றுலாவில் என்ன நடக்கிறது? இரயிலில் ஏறுகிறார்கள், உச்சியில் தற்படம் எடுக்கிறார்கள், பனிக்கூழ் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். இடையில் இருக்கும் காடு கண்ணாடிக்கு வெளியே பச்சைக் கோடாக ஓடி மறைகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தக் காட்டில் மாணவர்கள் நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாவரவியல் பூங்காவிலிருந்து நடந்தே ஏறலாம். 1884ஆம் ஆண்டு சார்லஸ் கர்டிஸ் பொறுப்பேற்று உருவாக்கிய பூங்கா அது. நம்மவர்கள் தைப்பூசத்திற்குக் கூடும் தண்ணீர்மலைக்கு அருகிலேயே இருக்கிறது. ‘மூன் கேட்’ எனப்படும் வட்ட வாயிலிலிருந்து பாதை செங்குத்தாக ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால், ‘84’ என்று எல்லாரும் அழைக்கும் ஓய்விடத்தை அடையலாம். பலரும் அங்கேயே திரும்பிவிடுவார்கள். எனக்கும் பெரும்பாலும் அதுவே எல்லை!

பிப்ரவரியில் அப்பாதையில் என்ன தெரியும்? நிக்கோவைப் போல் மலை முழுவதும் எரியும் சிவப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. பச்சைக்கு நடுவே எங்கோ ஒரு மரம் மஞ்சளாக நிற்கும். இன்னொன்று மொட்டையாக நிற்கும். பத்து அடி தள்ளி ஒரு மரம் உச்சி முழுவதும் செந்நிறமாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அது பழுத்த இலையன்று, தளிர்! நம் காட்டு மரங்கள் பலவற்றில் உதிரும் இலையைவிடத் துளிர்க்கும் இலையே சிவப்பு. காட்டுக் கறுவா, நாகப்பூ மரம் ஆகியவற்றின் கொழுந்துகள் அப்படிப்பட்டவை. மாந்தளிரின் நிறத்தை மேனி வருணனைக்குப் பயன்படுத்திய மொழி நம்முடையது. குருத்து, கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என இலையின் ஒவ்வொரு பருவத்திற்கும் தமிழில் சொல் இருக்கிறது. அச்சொற்களைத் தேர்வுக்கு மனனம் செய்யும் மாணவர், அவற்றை ஒரே மரத்தடியில் கண்ணால் பார்த்தால் மறப்பாரா?

இறங்கி வரும்போது சாலையோர அங்சானா மரங்களையும் பாருங்கள். நம் இலக்கியங்களில் வரும் வேங்கையின் உறவு அது. வறட்சியில் இலையை உதிர்த்து, பின்னர் திடீரென மஞ்சளாகப் பூத்து, ஒரே நாளில் சாலை முழுவதும் கொட்டிவிடும்.

இது வெறும் வேடிக்கைக்காக நான் சொல்வதன்று. காட்டுத் தரையில் கிடக்கும் சருகு, மழைத்துளி மண்ணை நேராகத் தாக்காமல் தடுக்கிறது. நீரை மெல்ல உள்ளே விடுகிறது. கொடிமலையின் ஓடைகள் ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன் ஆறுகளாகி, சுங்கை பினாங்கில் கலந்தே கடலுக்குச் செல்கின்றன. 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5ஆம் நாள்களில் கொட்டிய பெருமழையில் மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்தது. கீழே நகரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த அளவு மழையைச் சருகு மட்டும் தடுத்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் மலையில் உள்ள மரமும் மண்ணும் ஆற்றோரத்து வீட்டைப் பற்றியவை என்பதை அன்று சேறு கழுவியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ கொடிமலையையும் சுற்றுப்புறத்தையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 12,481 ஹெக்டர் பரப்பில் கடலும் அடங்கும். பெருமைதான். ஆயினும், காட்டுக்குள் கால் வைக்காத தலைமுறை அதைக் காக்க முன்வருமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

பெற்றோர் அஞ்சுவார்கள். பாம்பு, வழுக்கல், வழி தவறுதல் ஆகிய மூன்றும் உண்மையான அச்சங்களே. அதனால்தான் தனியே போகாதீர்கள் என்கிறேன். ஆசிரியரோ பெற்றோரோ உடன் வரட்டும். காலை 7 மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். முதல் நாள் பெருமழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். குரங்கின் கண்ணில் படும்படி உணவை வெளியே எடுக்காதீர்கள். கொண்டுபோன நெகிழிப் புட்டியை மறவாமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

கையில் ஒரு சிறு குறிப்பேடு போதும். மரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் நாளையும் நிறத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மரத்தடிக்குத் திரும்பி வந்து, அது போன ஆண்டைவிட முந்திப் பழுத்ததா, பிந்திப் பழுத்ததா என்று பாருங்கள். கட்டுரை எழுதிய அந்த மாணவிக்கும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன். வீட்டு வாசலில் நிற்கும் கெத்தாபாங் மரத்திலிருந்து தொடங்கப்போவதாக அவர் பதில் எழுதியிருக்கிறார்.