கடனை மறைத்தால் அரசாங்க வேலைக்கு ஆபத்து

பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டால் இனி கவலையில்லை என்று நிம்மதி அடையும் பெற்றோர் நம்மிடையே அதிகம். நிரந்தரச் சம்பளம் என்பதால் தனிநபர் கடனும் கடன் அட்டையும் எளிதில் கிடைக்கின்றன. தங்கையின் திருமணம், அப்பாவின் மருத்துவச் செலவு, தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாங்கிய வீட்டுக்கு முன்பணம் எனக் கடனுக்குக் காரணங்களும் உண்டு. ஆனால், அந்தக் கடன் ஓர் அளவைத் தாண்டினால் அது குடும்பத்தோடு முடிகிற விவகாரம் அல்ல.

விதி என்ன சொல்கிறது?

மலேசியாவில் பொதுச்சேவை அதிகாரிகளுக்கான 1993-ஆம் ஆண்டு நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் இதைத் தெளிவாக வரையறுக்கின்றன. பிணையில்லாக் கடன்களின் மொத்தத் தொகை மாத வருமானத்தைப்போல் 10 மடங்கைத் தாண்டினால் அந்த ஊழியர் கடும் கடன் சுமையில் இருப்பதாகக் கருதப்படுவார். நீதிமன்றம் கட்டச் சொன்ன கடனை, உத்தரவு கிடைத்த ஒரு மாதத்திற்குள் தீர்க்காதவரும், திவாலானவரும் இதே பட்டியலில் அடங்குவர்.

சம்பளமும் படிகளும் சேர்த்து மாதம் 3,000 ரிங்கிட் பெறும் ஊழியருக்கு எல்லை 30,000 ரிங்கிட். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் இக்கணக்கில் சேராது. தனிநபர் கடனும் கடன் அட்டை நிலுவையும் சேரும்.

சிங்கப்பூரில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அங்கே பிணையில்லாக் கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினாலே அரசு ஊழியர் நிதி நெருக்கடியில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

பாதுகாப்புக்கும் கடனுக்கும் என்ன தொடர்பு?

அரசாங்க ஆவணங்கள் 'ரஹ்சியா பெசார்', 'ரஹ்சியா', 'சூலிட்', 'தெர்ஹாட்' என நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. இவற்றைக் கையாளும் ஊழியர்கள் 'தாப்பிசான் கெசெலாமத்தான்' எனப்படும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். இவரை நம்பி ரகசியத்தை ஒப்படைக்கலாமா என்பதே அச்சோதனையின் அடிப்படைக் கேள்வி. கடனில் தத்தளிப்பவரைப் பணத்தைக் காட்டி வளைப்பது எளிது என்பதை உலக நாடுகள் அனுபவத்தில் கற்றிருக்கின்றன.

அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், விவாகரத்துச் செலவாலும் கடனாலும் நெருக்கடியில் இருந்தபோது, 1985-இல் சோவியத் உளவுத்துறைக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கினார். 1994-இல் பிடிபட்டு ஆயுள் தண்டனை பெறும்வரை அவரது சம்பளத்துக்கு மீறிய வாழ்க்கை போதிய கவனம் பெறவில்லை.

அதே அமெரிக்காவில் நோய், வேலையிழப்பு, விவாகரத்து ஆகியவற்றால் வந்த கடனை ஒருவர் முறையாகத் திருப்பிக் கட்டி வந்தால், அது அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. விண்ணப்பப் பாரத்தில் கடனை வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பொய் தனிக் குறையாகிவிடும். பிறகு கடனை அடைத்தாலும் போன நம்பிக்கை எளிதில் திரும்பாது.

சொன்னால் உதவி, மறைத்தால் தண்டனை

நம் நாட்டு விதிமுறைகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. கடும் கடன் சுமைக்கு ஆளானவர் உடனே துறைத் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும். தாமதித்தாலோ, முழுத் தொகையைச் சொல்லாமல் விட்டாலோ, தவறான விவரம் தந்தாலோ அது கட்டொழுங்குக் குற்றம். எச்சரிக்கை, அபராதம் முதல் பதவி இறக்கம், பணிநீக்கம் வரை தண்டனைக்கு இடமுண்டு.

தவிர்க்க முடியாத துயரத்தால் கடன் நேர்ந்திருந்தால் அரசாங்கம் அந்த ஊழியருக்கு உதவலாம் என்றும் அதே விதிமுறைகள் கூறுகின்றன. இந்தப் பகுதி பலருக்குத் தெரிவதில்லை. 'மேலதிகாரிக்குத் தெரிந்தால் மானம் போகும்' என்று அஞ்சி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, கடைசியில் ஆலோங்கிடம் போய் நிற்கிறார்கள். அதன்பின் மிரட்டலுக்கு ஆளாகும் ஊழியரைத்தான் பாதுகாப்புத் துறைகள் மிகவும் அஞ்சுகின்றன.

எல்லையை நெருங்குபவர் முதலில் எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. வங்கிக் கடன்களைத் தாங்கக்கூடிய தவணைகளாக மாற்றிக்கொள்ளவும் உதவுகிறது. திவாலானவர்கள் அத்திட்டத்தில் சேர முடியாது என்பதால், வழக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. துறைத் தலைவரிடம் போகும்போது தொகையைக் குறைத்துச் சொல்லாமல் முழுக் கணக்கையும் எழுத்தில் கொடுப்பதே வேலையைக் காக்கும்.