நாளுக்கு நாற்பது ரூபாயில் என்ன சுதந்திரம்?

ஓய்வுக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் உழைத்தால் சுதந்திரமும் வருமானமும் ஒருசேரக் கிடைக்கும், எல்லாம் திட்டமிடுவதில் இருக்கிறது என்ற வாதம் மாத ஓய்வூதியம் வாங்குவோரை மட்டுமே கணக்கில் கொள்கிறது. கள்ளக்குறிச்சி நகரில் டியூஷன் எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது பொருந்தும், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். அங்கும் எல்லோருக்கும் அல்ல: 1.4.2003 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் உறுதியான மாத ஓய்வூதியம் இல்லாத பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார்கள். ஓய்வு வயதும் 2020இல் 58இலிருந்து 59, 2021இல் 60 என நகர்ந்தது.

நகரைவிட்டுக் கல்வராயன் மலைக்குப் போனால் இந்த வாதம் முழுதாகவே சரிகிறது. சாமை, தினை, மரவள்ளி பயிரிடும் மலையாளிப் பழங்குடியினருக்குப் பணி நிறைவு விழா ஏது? உடம்பு ஒத்துழைக்க மறுக்கும் நாள்தான் ஓய்வு. தமிழக அரசின் மாதாந்திர முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். இதை நம்பி எந்த வேலையை வேண்டாம் என்பது? 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் உச்ச வயது வரம்பு வைக்கவில்லை. தமிழகக் கிராமங்களில் நரைத்த தலைகள் அச்சட்டத்தின் நூறு நாள் வேலைக்குத் திரண்டன. அதைச் சுறுசுறுப்பான முதுமை என்று பாராட்டுவது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. உதவித்தொகையின் அளவைப் பேசாமல் நேரத்தைப் பிரித்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை மலைக்கு உதவாது.