சாவி யாரிடம் இருக்கிறது?



நீலகிரியில் மழை இரண்டு முறை வந்து தங்கும். ஆனி, ஆடியில் கூடலூர், குந்தா பக்கம் கொட்டித் தீர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் முறை. அது ஓய்ந்தால் மார்கழி, தையில் உறைபனி. சமவெளியில் வேலை முடிந்தவர்களுக்கு ஆலமரத்தடி உண்டு, கோயில் மண்டபம் உண்டு, ராத்திரி பத்து மணி வரை திண்ணையில் காற்று வாங்கலாம். மலையில் இருட்டிய பிறகு வெளியே உட்கார்ந்து பேச முடியாது. நாலு பேர் சேர வேண்டுமானால் கூரை வேண்டும், சுவர் வேண்டும். அதனால், பொழுதைக் கழிக்க என்று தனியாக ஓர் அறை இங்கே அவசியத் தேவை என்றே நான் நம்புகிறேன். இந்த மாதம் உங்களோடு அதைத்தான் பேசப்போகிறேன்.

இதை வெள்ளைக்காரர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1830களில் வில்லியம் ரம்போல்ட் கட்டிய கட்டடம் 1841இல் ஊட்டி கிளப் ஆனது. அதன் பில்லியர்ட்ஸ் அறைக்கு உலகச் சரித்திரத்தில் இடம் உண்டு. 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், மழைக்கால மதியங்களை ஓட்டுவதற்காக நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்தில் கூடுதலாக நிறப் பந்துகளைச் சேர்த்து விளையாடிப் பார்த்தார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) அந்த அதிகாரியே ஊட்டிக்கு வந்தபோது, 1882இல் அந்த ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்டு கிளப் அறையில் மாட்டப்பட்டன. அதுதான் ஸ்னூக்கர். இன்று ஷெஃபீல்டில் நடக்கும் உலகப் போட்டியைக் கோடிக்கணக்கானவர்கள் டிவியில் பார்க்கிறார்கள். மழைக்கு அடைபட்ட சில பேர், ஒரு மேசை, நல்ல வெளிச்சம், கொஞ்சம் சும்மா இருக்கும் நேரம். இவ்வளவு இருந்தால் மனித மூளை எதையாவது புதிதாகச் செய்துவிடுகிறது.

அதே ஊரில் 1859இல் நீலகிரி நூலகம் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் அதற்கும் கட்டடம் வரைந்தார். உயர்ந்த ஜன்னலின் கீழே உட்கார்ந்து படிக்க அப்படி ஒரு கூடம். நடனத்துக்கும் நாடகத்துக்கும் என்று எழுந்த அசெம்பிளி ரூம்ஸ் பிறகு சினிமா தியேட்டர் ஆகி, ஊர் மக்கள் எல்லாரும் டிக்கெட் எடுத்து உள்ளே போகும் இடமானது. எனக்கு அந்த மாற்றம் மிகவும் பிடிக்கும்.

ஆனால் இந்த அறைகள் கட்டப்பட்ட காலத்தில், தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் அங்கே உட்கார வழி இல்லை. பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் நின்றிருந்தால் அவர் பெரும்பாலும் மார்க்கராக இருந்திருப்பார். மேசையின் பச்சைத் துணியைத் துடைத்து, புள்ளியைக் குறித்து, கழியை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை.

கொழுந்து பறிப்பவருக்கும் பொழுது உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 1951 வரை ஆயிற்று. அந்த ஆண்டு வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் படித்தால் எனக்கு நெஞ்சு நிறையும். குடிநீர், கழிப்பறை, மருத்துவம், கேன்டீன், பிள்ளைக் காப்பகம், வீடு என்று போன வரிசையில் 13ஆம் பிரிவு பொழுதுபோக்கு வசதிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. தொழிலாளர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் செய்து தரும்படி தோட்ட நிர்வாகத்துக்கு மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. தண்ணீரும் மருந்தும் இருந்த பட்டியலில் கேரம் பலகைக்கும் இடம் கொடுத்தவர்கள் மனிதரை முழுசாகப் பார்த்தவர்கள். 

தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒடுக்கமாக ஒரு வராந்தா. மழை நாளில் அடுப்படி ஒன்றுதான் சூடான இடம். பாட்டி அங்கேதான், ஈரத் துணி அங்கேதான், பத்தாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகமும் அங்கேதான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டேன்டீ. அந்த லைன்களிலும் வாழ்க்கை இதே அளவில்தான் அமைந்தது. இப்படிப்பட்ட வீட்டுக்கு வெளியே வெளிச்சமான ஓர் அறை இருப்பது, வீட்டில் இன்னோர் அறை கூடியதற்குச் சமம்.

தோட்டங்களில் பொழுதுபோக்குக்கென்று கட்டிய அறைகள் இன்று எப்படி இருக்கின்றன? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தகரக் கூரை. சுவரில் ஒரு காலத்தில் பச்சை பெயின்ட். கதவுக்கு மேலே "மனமகிழ் மன்றம்" என்ற எழுத்தில் பாதி உதிர்ந்திருந்தது. உள்ளே உர மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் சுவரில் சாய்த்திருந்த கேரம் பலகை ஈரத்தில் நடுவே உப்பிப்போயிருந்தது. வெளியே, ஆபீஸ் வராந்தாவின் ஓரத்தில், ஆறேழு பையன்கள் குளிரில் ஒடுங்கி ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தடி தூரத்தில் அவர்களுடைய அறை பூட்டிக் கிடந்தது.

டிவிதான் மன்றங்களைக் கொன்றது என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2006இல் இலவச கலர் டிவி வரத் தொடங்கிய பிறகு, ஊருக்குப் பொதுவான டிவி அறைக்குப் போக வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் பூட்டு போட்டது டிவி அல்ல. அறையை யார் நடத்துவது, பல்பு மாற்றக் காசு யார் கொடுப்பது என்பதில்தான் கோளாறு.

இதற்கு வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். தங்கள் கூலியிலிருந்து வாரா வாரம் காசு போட்டு அவர்கள் மன்றங்களைக் கட்டினார்கள். நூலகம், விளையாட்டு அறை, பாட்டுக் கூடம் எல்லாம் உள்ளே இருந்தன. நிர்வாகக் குழுவும் அவர்களே. 1920இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் முதலாளி ஒரு பென்னி கட்ட வேண்டும், அது தொழிலாளர் நலனுக்கும் பொழுதுபோக்குக்கும் போகும். ட்ரெடிகர் என்ற ஊர் மன்றத்தின் நூலகத்தில் படித்து வளர்ந்த சுரங்கத் தொழிலாளி அனியூரின் பெவன். 1948இல் பிரிட்டிஷ் மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அவர்தான். டன்னுக்கு ஒரு பென்னி அங்கே முடிந்தது. கிலோ தேயிலைக்குச் சில பைசா இங்கேயும் முடியும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆனால் மன்றம் இருந்த இடங்களிலும் அது ஆண்களின் சீட்டு மேசையாகவே இருந்தது. சாயங்காலம் எடை போட்டு வீடு திரும்பினால் அவர்களுக்குத் தண்ணீர், விறகு, சமையல். அறையைத் திறந்து வைத்து வாருங்கள் என்றால் போதாது. ஞாயிறு சந்தைக்குப் போய் வந்த பிறகு இரண்டு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். பாய் விரித்துச் சும்மா படுத்துக் கிடக்கட்டுமே! அங்கே தையல் வகுப்பு, விழிப்புணர்வுக் கூட்டம் என்று எதையும் புகுத்த வேண்டாம். ஓய்வு என்றால் ஓய்வுதான்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். எஸ்டேட் லைனிலோ, படகர் ஊரான ஹட்டியிலோ, குவாட்டர்ஸிலோ இருக்கும் வாசகர்கள் உங்கள் ஊர் மன்றத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, பெண்கள் வருகிறார்களா, சாவி யாரிடம் இருக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். நன்றாக நடக்கும் மன்றம் இருந்தால் அதையும் அவசியம் எழுதுங்கள். எப்படி நடத்துகிறார்கள் என்று விவரமாக வெளியிடுவோம். நிர்வாகத்தில் இருக்கும் வாசகர்கள் உர மூட்டைக்கு வேறு இடம் பார்த்து, சாவியைத் தொழிலாளர் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்